நவம்பருக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

2024 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் 16-ஆவது காங்கிரஸ் தொகுதியில் பிரைமரி தேர்தல் நடந்தது. பாலோ ஆல்ட்டோ, மவுண்டன் வியூ, சான் ஹோசேயின் ஒரு பகுதி ஆகியவை அடங்கிய தொகுதி அது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். முதலிடம் சாம் லிக்கார்டோவுக்குக் கிடைத்தது. இரண்டாம் இடத்தில் எவன் லோ, ஜோ சிமிட்டியன் என இருவர் நின்றார்கள். இருவருக்கும் தலா 30,249 வாக்குகள். ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. பிறகு மறு எண்ணிக்கை நடந்தது. எவன் லோ 5 வாக்கு முன்னே வந்தார். நவம்பர் வாக்குச்சீட்டில் அவர் பெயர் ஏறியது. சிமிட்டியனின் அரசியல் முயற்சி அத்தோடு முடிந்தது.

ஐந்து வாக்கு ஒரே வீட்டில் இருக்கும். அப்பா, அம்மா, குடியுரிமை வாங்கிவிட்ட தாத்தாவும் பாட்டியும், பதினெட்டு முடிந்த பிள்ளை. கலிஃபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளர் அனைவருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறது. “பிரைமரிதானே, நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அந்த உறையைப் பிரிக்காமலே வைத்துவிட்ட எந்த ஒரு வீடும் அன்று அந்த முடிவை மாற்றியிருக்கலாம்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்களிடம் பேசவே இதை எழுதுகிறேன். குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிரைமரி என்பது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்யும் முதல்நிலைத் தேர்தல். நமக்கு இது பழகாத விஷயம். தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கியதும் கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு கொடுப்பார்கள். நேர்காணல் நடக்கும். கூட்டணிப் பங்கீடு இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு நாள் தலைமை வேட்பாளர் பட்டியலை வெளியிடும். நம் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்த நாம், கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக் குடிமக்களான பிறகும் நவம்பரை மட்டுமே தேர்தல் மாதமாக நினைக்கிறோம். இங்கே பட்டியல் போடும் வேலையும் நம்முடையது. நாம் செய்யாமல் விட்டால் அது நின்றுபோவதில்லை. நம் தெருவில் வசிக்கும் வேறு சிலர் செய்துவிடுகிறார்கள்.

அதுவும் அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அந்தச் சிலர் செய்வதே இறுதி முடிவு. அமெரிக்கக் காங்கிரசின் கீழவையில் உள்ள 435 தொகுதிகளில் இரு கட்சிகளும் நவம்பரில் உண்மையாகவே மோதிக்கொள்வது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடங்களில்தான். மற்ற இடங்களில் எந்தக் கட்சி வெல்லும் என்பது முன்கூட்டியே தெரியும். அங்கெல்லாம் கேள்வி, அந்தக் கட்சியில் யார் என்பது மட்டுமே. அதற்கு விடை தருவது பிரைமரி.

நியூயார்க்கின் 14-ஆவது தொகுதியில் ஏழு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பத்து முறை வென்ற ஜோ கிரவுலி அங்கே ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத தலைவராக இருந்தார். 2018 ஜூன் 26 பிரைமரியில், அதுவரை பெரிதாக அறியப்படாத அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் அவரை வீழ்த்தினார். அவர் வாங்கியது ஏறத்தாழ 17,000 வாக்கு. நவம்பர் வெறும் சம்பிரதாயம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2014 ஜூனில், வர்ஜீனியாவின் 7-ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சியிலும் இதுவே நடந்தது. கீழவையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேண்டர், தன்னைவிடப் பல மடங்கு குறைவாகச் செலவு செய்த பேராசிரியர் டேவ் பிராட்டிடம் பிரைமரியில் தோற்றார். மொத்தம் பதிவானவை சுமார் 65,000 வாக்குகள். அந்தப் பதவியில் இருந்த ஒருவர் பிரைமரியில் தோற்றது அதுவே முதல் முறை. இவர்களில் யார் பக்கம் நீங்கள் இருந்தாலும் சரி, ஒரு நாட்டின் அரசியல் திசையை ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவுக்கு இருந்த கூட்டம் மாற்றியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் பிரைமரிக்கு வருவோர் மிகக் குறைவு. 2022-இல் வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் வந்தார். வருகிறவர்களில் வயதானவர்களும் தீவிரமான கட்சிப் பிடிப்பு உள்ளவர்களும் அதிகம். வேட்பாளர்கள் அவர்களுக்காகவே பேசுகிறார்கள், அவர்கள் கோபத்துக்கே அஞ்சுகிறார்கள். “நடுநிலையாக யோசிக்கிற ஆட்களே அரசியலில் இல்லையே” என்று நம் வீட்டு விருந்துகளில் அடிக்கடி கேட்கிறேன். அப்படிப்பட்டவர்கள் பிரைமரியில் நிற்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள்தான் வருவதில்லை.

யாருக்கு மறுத்தார்கள்

பிரைமரியின் வலிமை என்னவென்று தெரிய வேண்டுமானால், ஒரு காலத்தில் அதை யாருக்குத் தரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கட்சித் தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து வேட்பாளரை முடிவு செய்த வழக்கத்தை உடைக்க, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சினின் ராபர்ட் லா ஃபாலெட் போன்ற சீர்திருத்தவாதிகள் போராடிக் கொண்டுவந்தது இந்த முறை. ஆனால் தென் மாநிலங்களில் அது வேறு உருவம் எடுத்தது. அன்று அங்கே ஜனநாயகக் கட்சி வைத்ததே சட்டம். அக்கட்சியின் பிரைமரியில் வென்றவர் நவம்பரில் வென்றாகிவிட்டது. கறுப்பினத்தவர் வாக்களிப்பதை அரசியல் சாசனத்தின் 15-ஆவது திருத்தம் காத்ததால் பொதுத் தேர்தலில் வெளிப்படையாகத் தடுக்க முடியவில்லை. 1923-இல் டெக்சாஸ் சட்டமன்றம், ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கறுப்பினத்தவர் கலந்துகொள்ளக் கூடாது என்று நேரடியாகவே சட்டம் போட்டது. நவம்பரில் வேண்டுமானால் வந்து ஓட்டுப் போடட்டும், அதனால் எதுவும் மாறாது என்பதே கணக்கு.

எல் பாசோ நகரத்து மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் அடுத்த ஆண்டே வாக்குச்சாவடிக்குப் போனார். திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டார். 1927-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டெக்சாஸ் சட்டத்தை மாற்றி அந்த அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவிடம் கொடுத்தது. நிக்சன் மறுபடி வழக்காடி 1932-இல் மறுபடி வென்றார். உடனே கட்சி மாநாட்டில் தீர்மானம் போட்டு, “நாங்கள் தனியார் சங்கம், எங்கள் உறுப்பினரை நாங்கள் முடிவு செய்வோம்” என்றார்கள். 1935-இல் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கில்தான், 1944 ஏப்ரலில், அந்தக் கதவு உடைந்தது. அவருக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். பிரைமரியும் தேர்தலின் ஒரு பகுதியே, அதில் இனத்தின் பேரால் யாரையும் விலக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்புதான் இன்று நாம் உள்ளே நுழைகிற வாசல்.

டெக்சாஸ் அந்தச் சட்டத்தைப் போட்ட அதே 1923-இல், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற இந்தியருக்கு, அவர் வெள்ளையர் அல்லர் என்று சொல்லிக் குடியுரிமையை மறுத்தது உச்ச நீதிமன்றம். இந்தியர்கள் குடியுரிமை பெற 1946-இல்தான் சட்டம் வந்தது. பஞ்சாபில் பிறந்த தலிப் சிங் சாந்த் 1949-இல் குடிமகனாகி, 1956-இல் கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியை வென்று, நவம்பரிலும் வென்று காங்கிரசுக்குப் போனார். ஆசிய வம்சாவளியினர் ஒருவர் அங்கே போனது அதுவே முதல் முறை. கறுப்பின மக்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு நீதிமன்றப் படியேறி வாங்கிய உரிமை, நம் கையில் ஒரு செலவும் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி

இனி நடைமுறை. நம்மவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் அக்கறை இல்லாமல் அல்ல. தேதியும் விதியும் தெரியாமல். அமெரிக்காவில் பிரைமரிக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நாள் கிடையாது. டெக்சாஸ், இல்லினாய், வட கரோலைனா ஆகியவை மார்ச்சில் நடத்துகின்றன. ஜார்ஜியாவும் பென்சில்வேனியாவும் வழக்கமாக மே மாதம். நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா வழக்கமாக ஜூன் மாதம். மிச்சிகனும் வாஷிங்டனும் ஆகஸ்ட். மாசசூசெட்ஸ் செப்டம்பர். கலிஃபோர்னியா ஜனாதிபதித் தேர்தல் ஆண்டில் மார்ச்சிலும் மற்ற ஆண்டுகளில் ஜூனிலும் நடத்துகிறது. ஜனாதிபதி வேட்பாளருக்கான பிரைமரி சில மாநிலங்களில் தனித் தேதியில் வரும். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிற குடும்பங்களுக்கு ஜூன், ஆகஸ்ட் பிரைமரிகள் எளிதில் கைநழுவும். விமானச் சீட்டு எடுக்கும்போதே தபால் வாக்குக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்து, யார் வாக்களிக்கலாம் என்பது. டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன், வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் கட்சிப் பதிவே இல்லை. பிரைமரி அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்பார்கள். முதல் இரண்டு பேர், ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள். நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா, மேரிலாந்து போன்றவை மூடிய பிரைமரி. அங்கே ஒரு கட்சியில் பதிவு செய்திருந்தால்தான் அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியும். நியூ ஜெர்சி நடுவில் நிற்கிறது. எந்தக் கட்சியிலும் சேராதவர் பிரைமரி அன்றே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர் மாற வேண்டுமானால் 55 நாள் முன்னதாகவே படிவம் கொடுத்திருக்க வேண்டும்.

மூடிய மாநிலங்களில் கட்சி மாறும் கெடு மிகக் கடுமையானது. 2016-இல் டோனால்டு ட்ரம்ப் போட்டியிட்ட நியூயார்க் பிரைமரியில் அவருடைய மகள் இவான்காவும் மகன் எரிக்கும் தந்தைக்கு வாக்களிக்க முடியவில்லை. ஏப்ரலில் நடந்த பிரைமரிக்குக் கட்சி மாறும் கெடு அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. இப்போது அந்தக் கெடு பிப்ரவரி 14. நியூயார்க் நகரத்தில் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராத வாக்காளர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். 2025 ஜூனில் சோரான் மம்தானி வென்ற மேயர் பிரைமரியில் அவர்களுக்குப் பங்கே இல்லை.

அரசு செலவில் நடக்கும் ஒரு தேர்தலில் கட்சி சாராதவருக்கு இடமில்லை என்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. ஆனால் விதி மாறும்வரை அதற்குள் நின்றுதான் நம் குரலை ஒலிக்க வேண்டும். குடியுரிமை விழா முடிந்த கையோடு பதிவுப் படிவம் நிரப்பும் நம்மவர்களில் பலர், கட்சி என்ற கட்டத்தில் “எதுவும் இல்லை” என்று குறித்துவிடுகிறார்கள். எதற்கு வம்பு என்ற எண்ணம்தான். கட்சிப் பதிவுக்குச் சந்தா கிடையாது, கூட்டத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் கிடையாது, நவம்பரில் அந்தக் கட்சிக்கே போட வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. உங்கள் ஊரில் எப்போதும் ஒரே கட்சிதான் வெல்கிறது என்றால், அந்தக் கட்சியில் பதிவு செய்து அதற்குள்ளே நல்லவரைத் தேர்ந்தெடுப்பது முழுக்கச் சட்டப்படியானது, அறிவார்ந்த செயலும்கூட.

தென் மாநிலங்கள் பலவற்றில் இன்னொரு படி உண்டு. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் பிரைமரியில் யாரும் பாதிக்கு மேல் வாங்கவில்லை என்றால் முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று நடக்கும். 2012-இல் டெட் குரூஸ் டெக்சாஸ் செனட் பிரைமரியில் இரண்டாவதாகத்தான் வந்தார். ஜூலை 31 அன்று நடந்த இரண்டாம் சுற்றில், முதல் சுற்றைவிடக் குறைவான கூட்டத்தில், வென்றார். டெக்சாஸில் முதல் சுற்றில் ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர் இரண்டாம் சுற்றில் மறு கட்சிப் பக்கம் போக முடியாது. முதல் சுற்றில் வராதவர்கூட இரண்டாம் சுற்றுக்கு வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தொகுதி எல்லையும் மாறுகிறது. 2025-இல் மட்டும் டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் காங்கிரஸ் தொகுதிகளைத் திருத்தி வரைந்தன. போன முறை போட்ட தொகுதிதான் இந்த முறையும் என்று நம்பிவிடாமல், உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் பக்கத்தில் பெயர், முகவரி, கட்சி, தொகுதி நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போக வழி காட்டும் அரசுத் தளம் வோட்.கவ்.

குடியுரிமை இல்லாதவர்கள் கவனத்துக்கு

முன்பே சொன்ன எச்சரிக்கை இதுதான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாக்களிக்கக் கூடாது. விசாவில் இருப்பவரும் கூடாது. மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற ஒருசில ஊர்கள் தங்கள் நகர்மன்றத் தேர்தலில் குடிமக்கள் அல்லாதவரை அனுமதிக்கின்றன. காங்கிரஸ், ஜனாதிபதி பதவிகளுக்கான தேர்தலுக்கு அந்தச் சலுகை எங்கும் இல்லை. மீறினால் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நாடு கடத்தப்படவும் நேரலாம். வாக்களிக்காவிட்டாலும், குடிமகன் என்று பொய்யாக அறிவித்துப் பதிவு செய்தாலே எதிர்காலக் குடியேற்ற விண்ணப்பம் எல்லாம் பாழாகும். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா என்ற கேள்வி இருக்கிறது.

பெரும்பாலும் இது நேர்வது ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில். திரையில் கேள்விகள் வரிசையாக வரும், பின்னால் ஆட்கள் நிற்பார்கள், வாக்காளராகப் பதிவு செய்யவா என்ற கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்று கொடுத்துவிடுவார்கள். புதிதாக வந்த அம்மா அப்பாவை அழைத்துப் போகும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லுங்கள். தவறுதலாகப் பதிவாகி வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்துவிட்டால், எக்காரணம் கொண்டும் வாக்களிக்காதீர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

தேர்தல் நன்கொடையிலும் கவனம் தேவை. கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. நண்பர் வீட்டு நிதி திரட்டும் விருந்தில் முகத்தாட்சண்யத்துக்காகப் பணம் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வாக்குச்சாவடியில் உங்கள் உரிமை

தபால் வாக்கில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அது கையெழுத்து. பல மாநிலங்களில் உறையின் மேல் நீங்கள் போடும் கையெழுத்தை, பதிவிலோ ஓட்டுநர் உரிமத்திலோ உள்ளதோடு ஒப்பிடுவார்கள். வங்கியில் தமிழிலும் உரிம அலுவலகத்தில் ஆங்கிலத்திலும் கையெழுத்திடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். உரிமத்தில் எப்படிப் போட்டீர்களோ அப்படியே போடுங்கள். அப்பா பெயர் முன்னும் பின்னும் இடம் மாறிப் பதிவாகியிருந்தால், அல்லது முன்னெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருந்தால், பிரைமரிக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் வாக்காளருக்குத் தகவல் சொல்லிச் சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை விளம்பரத் தபால் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதில் சொல்லச் சில நாள்தான் இருக்கும்.

நேரில் போகிறவருக்கு: பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி தற்காலிக வாக்குச்சீட்டு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தகுதி சரிபார்த்தபின் அதை எண்ணுவார்கள். சாவடி மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் நின்றுவிட்டால், எவ்வளவு நேரம் ஆனாலும் வாக்களிக்க விட வேண்டும். என்ன அடையாள அட்டை வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் கைப்பேசியைச் சாவடிக்குள் பயன்படுத்தவே கூடாது. குறித்து வைத்த பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

முதியவர்களுக்காக ஒரு முக்கியமான உரிமை. ஐம்பது வயது தாண்டி இருபது ஆண்டு கிரீன் கார்டோடு வாழ்ந்தவருக்கும், ஐம்பத்தைந்து தாண்டிப் பதினைந்து ஆண்டு வாழ்ந்தவருக்கும் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலம் தேவையில்லை. அதனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத குடிமக்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். “எனக்கென்ன தெரியும், நீங்க போய்ட்டு வாங்க” என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு, பார்வையோ உடல் நலமோ குன்றியவரும் எழுதப் படிக்க இயலாதவரும் தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு உள்ளே அழைத்துச் செல்லலாம் என்கிறது. முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. மகனோ மருமகளோ பேத்தியோ கூட வரலாம். சில மாநிலங்களில் உதவுபவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டியிருக்கும். வாசித்துச் சொல்வதும் வாக்காளர் சொன்னதைக் குறிப்பதும் உதவப் போகும் உங்கள் வேலை. யாருக்கு என்பது அம்மாவின் முடிவு. கணவர் சொன்னவருக்கு மனைவி, பிள்ளை சொன்னவருக்குப் பெற்றோர் என்ற வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் நல்ல செய்தி இருக்கிறது. இல்லினாய், மேரிலாந்து, வர்ஜீனியா, ஒஹையோ, வட கரோலைனா உட்படப் பல மாநிலங்களில், நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு நிறைகிற பதினேழு வயதினர் பிரைமரியிலேயே வாக்களிக்கலாம்.

அச்சம் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நீங்கள் எந்தக் கட்சியில் பதிவு, எந்தப் பிரைமரியில் கலந்துகொண்டீர்கள் என்பது பல மாநிலங்களில் பொதுப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் வேலைக்கோ, தம்பிக்காகப் போட்ட குடும்ப விண்ணப்பத்துக்கோ பாதகம் வருமோ என்று கேட்பவர்கள் உண்டு. குடியேற்றச் சட்டத்தில் உங்கள் கட்சிப் பதிவைக் கணக்கில் எடுக்க இடமில்லை. யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. சாவடியில் யாராவது மிரட்டினாலோ, தடுத்தாலோ 866-687-8683 என்ற தேர்தல் பாதுகாப்பு உதவி எண்ணில் வழக்கறிஞர்கள் இலவசமாக உதவுவார்கள். ஆசிய மொழி பேசுவோருக்கென்று 888-274-8683 என்ற எண்ணும் இருக்கிறது.

“பெயர்களே தெரியாது, யாருக்குப் போடுவது?” என்பது நேர்மையான கேள்விதான். மாதிரி வாக்குச்சீட்டு முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கும். எல்லாப் பதவிக்கும் குறிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெரியாததை வெற்றாக விடலாம், வாக்கு செல்லும். காங்கிரஸ் வேட்பாளரைப் பற்றிப் படிப்பதைவிட, கவுன்டி ஆணையர், அரசு வழக்கறிஞர், டெக்சாஸ் என்றால் நீதிபதிகள் பற்றிப் படிக்க அதிக நேரம் ஒதுக்குங்கள். சொத்து வரியும் காவல் துறையும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் போட்டிகளில் சில நேரம் ஒரு சில நூறு வாக்கே முடிவைத் தீர்மானிக்கும்.

எதிர்த்துக் கேட்டால் விதியே மாறும் என்பதற்கு நியூ ஜெர்சி சாட்சி. அங்கே 21 கவுன்டிகளில் 19-இல், கட்சித் தலைமை ஆதரித்தவர்கள் அனைவரையும் பிரைமரி வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அச்சிட்டு, எதிர்த்து நிற்பவர்களை ஓரத்தில் தள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தது. வரிசையில் இடம் கிடைத்தவர் பெரும்பாலும் வென்றார். 2024-இல் செனட் வேட்பாளர் ஆண்டி கிம் உள்ளிட்டோர் வழக்குப் போட, அந்த ஆண்டின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் அந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சி நீதிபதி மார்ச் 29 அன்று உத்தரவிட்டார். 2025-இல் சட்டமன்றமே அதை நீக்கிச் சட்டம் இயற்றியது. எடிசனிலும் பிளெயின்ஸ்பரோவிலும் வாழ்கிற தமிழர்களுக்கு முன்பு இல்லாத ஒரு வாய்ப்பு இப்போது இருக்கிறது.

சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள்

தமிழ்ச் சங்கத்திலோ கோயிலிலோ தேர்தல் என்ற சொல்லை எடுத்தாலே “அரசியல் வேண்டாம், வரிவிலக்கு போய்விடும்” என்கிறார்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்பு ஒரு வேட்பாளரையோ கட்சியையோ ஆதரிக்கக் கூடாது என்பது விதி. யாரையும் சாராமல் வாக்காளர் பதிவு நடத்துவதையும் தேதிகளை அறிவிப்பதையும் அந்த விதி தடுக்கவில்லை. பொங்கல் விழா ஜனவரியில் வருகிறது. மார்ச் பிரைமரிகளுக்கான பதிவுக் கெடுவும், நியூயார்க்கின் கட்சி மாறும் கெடுவும் அடுத்த சில வாரங்களிலேயே முடிகின்றன. விழா அரங்கின் வாசலில் ஒரு மேசை, மாநிலத்தின் பதிவுப் படிவம், விதி படித்த இரண்டு தன்னார்வலர்கள் போதும். முதல் கேள்வி “நீங்கள் குடிமகனா?” என்பதாக இருக்கட்டும்; கிரீன் கார்டு உள்ளவரிடம் படிவத்தை நீட்டவே கூடாது. தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை விட வருகிற பெற்றோரிடம் தேதி அச்சிட்ட துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுங்கள். ஒரு சங்கத்தில் ஐம்பது குடும்பம் இப்படிச் சேர்ந்தால், உள்ளூர் வேட்பாளர் அடுத்த சித்திரை விழாவுக்குத் தானே வந்து நிற்பார்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் பெயர், உங்கள் துணையின் பெயர், அம்மா அப்பா பெயர் எல்லாம் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய மாநிலமென்றால் கட்சிக் கட்டத்தையும் பாருங்கள். உங்கள் மாநிலத்தின் பிரைமரித் தேதியையும், அதற்கான பதிவுக் கெடுவையும் கைப்பேசி நாட்காட்டியில் குறித்துவிட்டு, இதையே செய்யச் சொல்லி உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதுங்கள்.